சிறு உற்பத்தியாளரும் உத்தரவாதச் சீட்டும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம்மவர் பழமொழி. தேரைச் செய்தவன் பெரிய தச்சன். அதனைச் சீலையாலும் பூவாலும் அலங்கரித்தவன் அவனுக்கு அடுத்தவன். ஆயினும் நடுவீதியிலே தேர் குடைசாயாமற் காப்பது, பெயர் தெரியாத கொல்லன் ஒருவன் அடித்துக் கொடுத்த சிறிய ஆணியேயாகும். அந்தக் கொல்லனுடைய நேர்மையை நம்பியே ஊர் முழுவதும் வடம் பிடிக்கிறது.

இந்நாளில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தேராய் அமைந்திருப்பது மோட்டார் சைக்கிள். தந்தையைத் தொழிலுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கும், தாயைச் சந்தைக்கும் கொண்டு செல்வது அதுவே. மோட்டார் சைக்கிளைச் செய்து அனுப்புவன பெரிய கம்பெனிகள். ஆனால் வாங்கிய பின்னர் நாம் அதிலே பூட்டிக்கொள்ளும் பொருட்களோ வேறு. பின்புறச் சுமைதாங்கி, பக்கப் பெட்டி, காலைக் காக்கும் கம்பி, கண்ணாடி, ஆசன உறை, மேலதிக விளக்கு என்னும் இவற்றுட் பல சிறிய பட்டறைகளிலும், பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் தொழிற்சாலைகளிலும் பிறப்பவை. இவற்றோடு சில வேளைகளில் ஒரு சிறு சீட்டும் நம் கைக்கு வருகிறது. 'ஆறு மாத உத்தரவாதம்' என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்தச் சீட்டைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

உத்தரவாதம் என்றால் என்ன? பொருள் கெடவே கெடாது என்னும் வாக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. மனிதர் கையாற் செய்த எப்பொருளும் கெடக்கூடியதே. பொருள் கெட்டவிடத்து அதைச் செய்தவன் ஓடி ஒளியமாட்டான் என்னும் வாக்கே உத்தரவாதம். ஆதலால் அச்சீட்டின் பெறுமதி விற்பனை நடந்த நாளிலே தெரிவதில்லை. முறையீட்டோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கும் நாளிலேதான் தெரிகிறது. அந்த நாளைச் சிறு உற்பத்தியாளன் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? வாங்கியவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இவை இரண்டுமே நம் கேள்விகள்.

வீதி நடத்தும் பரீட்சை

பெரிய கம்பெனிகளிடம் பரிசோதனைக் களங்கள் உண்டு. பொருளை இரவு பகலாக உலுக்கிப் பார்க்கும் இயந்திரங்கள் உண்டு. சிறு பட்டறைக்காரனிடம் இவை இல்லை. தான் செய்த சுமைதாங்கியைக் கையால் அசைத்துப் பார்ப்பான். நண்பன் ஒருவனின் மோட்டார் சைக்கிளிலே பூட்டிச் சில நாள் ஓடவிடுவான். அதற்கு மேல் அவனுக்கு வசதியில்லை. உண்மையான பரீட்சையை நடத்துவது வீதியே.

அப்பரீட்சை எத்துணைக் கடுமையானது என்பதை மாணவர்கள் ஒரு சிறு கணக்கினால் அறியலாம். ஒற்றை உருளை கொண்ட இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 தடவை சுழல்கிறது என்று கொள்வோம். அஃதாவது ஒரு வினாடிக்கு 100 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் அதிர்வு உண்டாகுமானால், ஒரு மணி நேரத்தில் 360,000 அதிர்வுகள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் ஓடினால் 3,600,000 அதிர்வுகள். பள்ளமும் மேடும் தரும் குலுக்கல்களை இக்கணக்கிலே நாம் சேர்க்கவில்லை.

ஒரே அடியிலே முறியாத இரும்பு, சிறிய விசைகள் இலட்சக்கணக்கான தடவை மாறி மாறித் தாக்கும்போது களைத்துப் போகிறது. பொறியியலாளர் இதனை உலோகக் களைப்பு என்பர். அக்களைப்பு முதலிலே வெளிப்படும் இடம் பெரும்பாலும் வெல்டிங் செய்த பொருத்தின் ஓரமாகும். அங்கே மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தோன்றும். தீந்தையின் கீழ் அது கண்ணுக்குப் புலப்படாது. ஒருநாள் சுமையோடு செல்லும்போது திடீரென முறியும். நட்டுகள் கழலுவதும் இத்தகையதே. திருகாணிக்குக் குறுக்காக வரும் அதிர்வே அதனைத் தளர்த்துவதில் முதன்மையானது என்பதை ஜேர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டில் சோதனைகள் மூலம் விளக்கினார். கையின் முழுப் பலத்தோடும் இறுக்கிய நட்டும் நாளடைவில் தளர்வதற்குக் காரணம் இதுவே. கடற்கரை ஊர்களிலோ உப்புக் காற்று இன்னொரு பரீட்சை வைக்கிறது. பளபளக்கும் குரோம் பூச்சின் நுண்ணிய துளைகளினூடே ஈரமும் உப்பும் இறங்கி, உள்ளிருக்கும் இரும்பைத் துருவாக்கிவிடும்.

இவற்றையெல்லாம் பட்டறையிலே இருந்துகொண்டு முன்னரே கண்டுபிடித்தல் சிறு உற்பத்தியாளனுக்கு அரிது. எனவே வீதியில் நடந்தது யாது என்பதை அவனுக்கு அறிவிக்கும் தூதன் ஒருவனே. அவன் முறையிட வந்த வாடிக்கையாளன். முறையீட்டைத் தொல்லை என்று எண்ணுகிறவன், தன் பரீட்சையின் பெறுபேற்றைப் பிரித்துப் பாராமற் கிழித்தெறியும் மாணவனை ஒத்தவன்.

முறையீடுகள் எல்லாம் ஒன்றல்ல

ஆயினும் முறையீடுகள் யாவும் ஒரே வகையின அல்ல. அவற்றை நான்காகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, செய்கைக் குற்றம். வெல்டிங் உள்ளே இறங்கவில்லை. தகடு மெல்லியதாய்ப் போயிற்று. விளக்கின் மூடி சரியாகப் பொருந்தாமல் மழைநீர் புகுந்தது. இவற்றுக்குச் செய்தவனே பொறுப்பு.

இரண்டாவது, பூட்டியவர் குற்றம். பொருள் நல்லதே, ஆனால் நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே பூட்டப்பட்டன, அல்லது விளக்கின் கம்பி இயந்திரத்தின் சூடான பகுதியில் உராயுமாறு விடப்பட்டது. இங்கே பொறுப்புப் பூட்டியவருடையது. எனினும் எவ்வாறு பூட்ட வேண்டும் என்று தெளிவான தாளொன்றைச் செய்தவன் கொடுத்தானா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

மூன்றாவது, பாவித்தவர் குற்றம். ஐந்து கிலோவுக்கெனச் செய்த தாங்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றினால் அது வளையும். அதற்குச் செய்தவனைக் குறை கூறுதல் நீதியன்று. ஆனால் 'ஐந்து கிலோ' என்பதைத் தாங்கியிலேயே பொறித்து வைத்தவன்தான் அவ்வாறு வாதாடத் தகுதி உடையவன்.

நான்காவது, இயல்பான தேய்மானம். கைப்பிடி இறப்பர் தேயும்; ஆசன உறை வெயிலிலே வெளிறும். இஃது எவருடைய குற்றமும் அன்று.

இந்த நான்கினுள்ளும் அடங்காத பொருள் ஒன்று உண்டு. அது தலைக்கவசம். அதன் உள்ளே நுரைபோன்ற கடினமான படையொன்று இருக்கிறது. விழும்போது அந்தப் படை நசுங்கியே தலைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கிய படை மீண்டும் பழைய நிலைக்கு வராது. 'விழுந்தேன், கவசம் வெடித்துவிட்டது, மாற்றித் தாருங்கள்' என்று ஒருவர் கேட்டால், கவசம் கெட்டது என்பதா, தன் கடமையைச் செய்து முடித்தது என்பதா? அதை உடையவருக்குப் பொறுமையோடு விளக்கி, பழைய கவசத்தை மீண்டும் அணியவிடாமல் தடுப்பதும் உற்பத்தியாளனின் உத்தரவாதத்தைச் சேர்ந்ததே என்போம்.

இந்தப் பாகுபாட்டைச் செய்யும்போதுதான் சிறு உற்பத்தியாளர் பலர் தவறுகின்றனர். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்குமுன்னரே, 'நீங்கள் கூடிய பாரம் ஏற்றியிருப்பீர்கள்' என்று கூறிவிடுகின்றனர். வாடிக்கையாளன் உண்மையிலே குற்றமற்றவனாயின், அந்த ஒரு சொல் அவனைச் சுடுகிறது. முறிந்த தாங்கியை அவன் மறந்துவிடுவான், பொய்யனாக்கப்பட்டதை மறக்கமாட்டான். ஊரிலே நாலு பேரிடம் அவன் சொல்லப்போவதும் தாங்கியின் கதையை அன்று, அந்தச் சொல்லின் கதையையே.

ஐம்பதில் மூன்று

இவ்விடத்தில் யப்பானியர் ஒருவரின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சொயிச்சிரோ ஹொண்டா என்னும் பெயரை அறியாதார் இலர். ஆயின் அவர் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்குமுன்னர் உதிரிப்பாகம் செய்யும் சிறு உற்பத்தியாளராய் இருந்தார் என்பதைப் பலர் அறியார். 1930களின் பிற்பகுதியில் ஹமமற்சு நகரிலே இயந்திரங்களின் பிஸ்டன் வளையங்களை வார்க்கத் தொடங்கினார். ஏறக்குறைய 30,000 வளையங்கள் செய்து, அவற்றிலிருந்து 50 வளையங்களைத் தெரிந்தெடுத்து டொயோட்டா கம்பெனியின் சோதனைக்குக் கொடுத்தார். தேறியவை மூன்றே மூன்று.

அந்நிலையில் அவர் செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. சோதனை செய்தவர்களைக் குறை கூறலாம். அல்லது தம் வளையத்தைக் குறை கூறலாம். ஹொண்டா இரண்டாவதைத் தெரிந்துகொண்டார். தொழிலதிபராய் இருந்துகொண்டே, தம்மிலும் மிக இளைய மாணவர்களோடு தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பிலே அமர்ந்து உலோகவியல் கற்றார். பல்கலைக்கழகங்களுக்கும் உருக்கு ஆலைகளுக்கும் சென்று செய்முறைகளைக் கேட்டறிந்தார். மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்த பின்னரே டொயோட்டா ஏற்றுக்கொள்ளத்தக்க வளையங்களை அவரால் அனுப்ப முடிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட 47 வளையங்களே அவருக்கு ஆசிரியராயின எனலாம்.

அப்பாடம் அவருடைய கம்பெனி பெரிதாய் வளர்ந்த பின்னரும் உதவியது. 1959ஆம் ஆண்டிலே ஹொண்டா கம்பெனி அமெரிக்காவில் விற்பனையைத் தொடங்கியது. யப்பானைக் காட்டிலும் அங்கே மக்கள் நெடுந்தூரம், நெடுநேரம், மிகு வேகத்திலே ஓட்டினர். 1960ஆம் ஆண்டின் முற்பகுதியில், பெரிய ரக வண்டிகளில் எண்ணெய் கசிகிறது, கிளச் பழுதாகிறது என்னும் முறையீடுகள் வந்து குவிந்தன. 'நீங்கள் ஓட்டும் முறை தவறு' என்று சொல்லுவதற்குக் கம்பெனியாருக்கு நல்ல வாய்ப்பிருந்தது. அவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. கையிலிருந்த சொற்பப் பணத்தைச் செலவிட்டு, பழுதான வண்டிகளை விமானத்தில் யப்பானுக்கு அனுப்பினர். அங்கே சோதனைச்சாலையிலே இரவு பகலாய் ஓட்டிப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் கசிவைத் தடுக்கும் கஸ்கெட்டையும் கிளச்சின் வில்லையும் புதிதாய் அமைத்துக்கொடுத்தனர். அந்நாளில் அமெரிக்க விற்பனைக்குப் பொறுப்பாயிருந்த கிஹாச்சிரோ கவாஷிமா பின்னாளில் இதனை விவரித்துள்ளார்.

இன்னொரு வழி

ஹொண்டா பெரிதாய் வளர்ந்தவர்; சிறியவராயிருந்தே பெயர் பெற்றவர்களும் உளர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே டுலூத் என்னும் குளிர் மிகுந்த நகரம் ஒன்றுண்டு. அங்கே அன்டி கோல்ட்பைன் என்பவர் 1983ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கான பாதுகாப்பு உடை தைக்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். ஏரோஸ்டிச் என்பது அதன் பெயர். அன்றாடம் தொழிலுக்குச் செல்வோர் தம் வழக்கமான உடைக்கு மேலேயே அணிந்து, சென்றதும் கழற்றக்கூடிய உடை அது. தைத்தவற்றை இடைத்தரகர் இன்றி ஓட்டுநருக்கே நேராக அனுப்புவது அவருடைய வழக்கம். தேய்ந்தனவும், வீதியிலே விழுந்து கிழிந்தனவுமாகிய தம் உடைகளைத் திரும்பப் பெற்றுத் தைத்துக்கொடுக்கும் பகுதியையும் அவர் நிறுவனம் உடன் நடத்தியது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. விழுந்த உடையைத் தைப்பதற்குக் கூலி பெறலாம், அது வியாபாரம். ஆனால் தைக்கும் மேசைக்கு வந்த ஒவ்வோர் உடையும், தையல் எங்கே பிரிந்தது, துணி எங்கே முதலில் தேய்ந்தது, எந்த இடத்தில் இன்னொரு படை வேண்டும் என்பதைச் சொல்லாமற் சொல்லுகிறது. பழுதுபார்க்கும் மேசையே அந்தச் சிறு உற்பத்தியாளருக்குச் சோதனைச்சாலை. நம்மவரிலும் ஆசன உறை தைப்பவர், தாங்கி செய்பவர் ஆகியோர் இவ்வழியைப் பின்பற்றப் பெரும் முதல் தேவையில்லை.

இதற்கு மாறான நிலையே பெரும்பாலும் நாம் காண்பது. பொருள் பட்டறையிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து கடைக்கும் போகிறது. முறையீடு கடையோடு நின்றுவிடுகிறது. 'கம்பெனிக்காரர் வரும்போது சொல்லுகிறோம்' என்ற பதிலோடு அது மடிந்துபோகிறது. தன் தாங்கி முறிந்ததைச் செய்தவன் அறியான். அதே குற்றத்தோடு அடுத்த நூறு தாங்கிகளைச் செய்துகொண்டிருப்பான். பொருளின் மீது தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், செய்த மாதத்தையும் பொறித்தல் இந்நோய்க்கு மருந்து. ஓர் இலக்க அச்சும் சுத்தியலுமே அதற்குப் போதும்.

சட்டம் சொல்வது

நாணயம் இல்லாதவிடத்துச் சட்டம் நுழைகிறது. அதன் வரலாற்றிலும் சிறு பாகம் செய்வோர்க்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் மக்பேர்சன் என்பவர் வாங்கிய பியூயிக் மோட்டார் வண்டியின் மரச்சில்லு ஒன்று ஓட்டத்திலே நொறுங்கியதால் அவர் காயமுற்றார். அவர் வண்டியை வாங்கியது விற்பனையாளரிடம், கம்பெனியிடம் அன்று. சில்லைச் செய்ததோ பியூயிக் கம்பெனியும் அன்று, வேறொரு நிறுவனம். 'எமக்கும் உமக்கும் ஒப்பந்தமில்லை' என்றது கம்பெனி. 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் கார்டோசோ அந்த வாதத்தை ஏற்கவில்லை. கவனமின்றிச் செய்தால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பொருளைச் செய்து விற்பவர், அதைக் கடைசியிற் பாவிப்பவருக்கும் பொறுப்பாளரே என்று தீர்ப்பளித்தார். ஸ்கொட்லாந்திலே இஞ்சிச் சோடாப் போத்தலுள் நத்தை கிடந்ததாக எழுந்த டொனகியூ வழக்கில், 1932ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் இக்கருத்தையே நிலைநாட்டியது. சில்லும் சோடாவும் சிறு பொருள்களே. அவற்றாற் சட்டமே திரும்பியது.

சிறு உற்பத்தியாளருக்குச் சட்டம் காவலாக நின்றதும் உண்டு. வேறொருவர் செய்த பாகத்தைப் பூட்டினால் வண்டியின் உத்தரவாதம் அற்றுப்போகும் என்று பெரிய கம்பெனிகள் மிரட்டுவது வழக்கம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலே சட்டமான மாக்னுசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம் பொதுவாக இதனைத் தடை செய்கிறது. பிறர் செய்த பாகத்தினாலேதான் பழுது நேர்ந்தது என்று கம்பெனி காட்டினால் அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை மறுக்கலாம், காட்டாமல் மறுக்கலாகாது. இந்தச் சட்டத்தின் கீழ், 2022ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஹார்லி டேவிட்சன் கம்பெனி மீது நடவடிக்கை எடுத்தது. பிறர் பாகங்களைப் பாவித்தாலும் உத்தரவாதம் செல்லும் என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் அறிவிக்குமாறு அதனைப் பணித்தது.

இதிலுள்ள நீதியைச் சிறு உற்பத்தியாளர் தமக்குச் சாதகமாக மட்டும் கொள்ளுதல் கூடாது. 'குற்றம் உன்னுடையது' என்பவனே அதனை நிறுவ வேண்டும் என்னும் விதி அவர்களுக்கும் பொருந்தும். பெரியவன் தன்னிடம் காட்ட வேண்டிய நியாயத்தைச் சிறியவன் தன் வாடிக்கையாளனிடம் காட்டாவிட்டால், அவன் வேண்டுவது நியாயம் அன்று, சலுகையே.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், எழுத்தில் இல்லாதபோதும் சில உறுதிகள் விற்பனையோடு சேர்ந்தே வருகின்றன என்று கொள்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினாற் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அமைந்தது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றாரென்று அச்சபையிடம் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிட அதற்கு அதிகாரமுண்டு. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்வார்களாக. ஆறு மாதச் சீட்டை நம்பி, கடைக்காரரின் 'நாளை வாருங்கள்' என்னும் சொல்லிலே நான்கு மாதத்தைக் கழித்தவருக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும்.

முறையீடு வந்த நாளில்

சட்டம் கடைசி வாசல். முதல் வாசல் பட்டறையே. அங்கே நடக்க வேண்டியவற்றை ஓர் உதாரணத்தினாலே விளக்குவோம். ஒருவன் ஒரே மாதத்தில் 200 சுமைதாங்கிகளைச் செய்து விற்றான். அவற்றுள் ஒன்று முறிந்ததாகச் செய்தி வருகிறது. அவன் மனம் என்ன கணக்குப் போடும்? 'இருநூற்றில் ஒன்றுதானே, நூற்றுக்கு அரைப்பங்கு' என்று ஆறுதல் கொள்ளும். இது பிழையான கணக்கு. முறிந்தது ஒன்று, ஆனால் அதே நாளில், அதே கையினால், அதே குழாயிலே வெல்டிங் செய்யப்பட்டவை எத்தனை? அந்த எத்தனையும் இன்று வீதியிலே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தகப்பனும், சில வேளை அவனுக்கும் தாங்கிக்கும் இடையிலே ஒரு பிள்ளையும் அமர்ந்திருக்கின்றனர்.

எனவே அவன் முதலிற் சொல்ல வேண்டியது, 'அதை இனிப் பாவிக்க வேண்டாம்' என்பதே. யார் குற்றம் என்னும் விசாரணை பின்னர் வரலாம். இரண்டாவதாக, முறிந்த பொருளைத் தன் செலவிலே திரும்பப் பெற வேண்டும். புகைப்படம் உதவும்; ஆனால் முறிந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஈடாகாது. நாட்பட்ட வெடிப்பாயின் அதன் ஒரு பகுதி துருவேறிக் கறுத்தும், கடைசியில் முறிந்த பகுதி புதிதாய் மினுங்கியும் காணப்படும். ஒரே பாரத்தில் வளைந்து முறிந்ததாயின் குழாயே நெளிந்திருக்கும். வாதாடத் தேவையில்லை; இரும்பே சாட்சி சொல்லும்.

மூன்றாவதாக, முடிவைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். தன் குற்றமாயின் புதியதைக் கொடுத்து, அந்த மாதத்துப் பொருளை வாங்கிய ஏனையோருக்கும் அறிவிக்க வேண்டும். இதற்காகவே விற்றவர்களின் பெயரை ஒரு கொப்பியிலாவது எழுதிவைத்தல் அவசியம். தன் குற்றமன்றாயின், வளைந்த குழாயைக் காட்டி, மரியாதையோடு மறுக்க வேண்டும். காரணம் காட்டி மறுத்தவனை மனிதர் மன்னிப்பர். மழுப்பி இழுத்தடிப்பவனை மன்னியார். எல்லா முறையீட்டுக்கும் தலையாட்டிப் புதியதைக் கொடுப்பதும் நற்குணம் அன்று. அவ்வாறு கொடுப்பவன் சில மாதங்களிலே பட்டறையைப் பூட்டுவான்; அதன்பின் அவனுடைய உத்தரவாதச் சீட்டுகள் எல்லாம் வெறுங் காகிதமாகிவிடும்.

தன் வாக்குக்குப் பிறர் சாட்சியையும் நாடுதல் நன்று. பீற் ஸ்னெல் என்னும் மோட்டார் வண்டி ஓட்டப் பந்தய வீரர் 1956ஆம் ஆண்டில், அணிந்திருந்த தலைக்கவசம் அவரைக் காக்கத் தவறியதால் உயிரிழந்தார். அவர் நினைவாக மறு ஆண்டிலே தோன்றிய ஸ்னெல் மன்றம், கவசங்களைச் செய்தவரின் சொல்லை மட்டும் நம்பாது, தானே உடைத்துப் பார்த்துச் சான்று வழங்கியது. நம் நாட்டிலே தலைக்கவசத்துக்கு எஸ்.எல்.எஸ். 517 என்னும் தரநிர்ணயம் உண்டு. இந்தியாவிலும் 2021 யூன் முதலாந் திகதியிலிருந்து தரச்சான்று பெற்ற கவசங்களையே செய்யவும் விற்கவும் வேண்டும் என்னும் கட்டளை நடைமுறைக்கு வந்தது. தலையைக் காக்கும் பொருளுக்கு அயலாரின் சாட்சியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

வாங்குவோர் கடமை

உத்தரவாதம் ஒருகைப் பாதை அன்று. வாங்கியவருக்கும் கடமைகள் உள. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துதல் முதலாவது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று வாங்கும்போதே கேட்டறிதல் இரண்டாவது. புதிதாய்ப் பூட்டிய பொருளின் திருகாணிகளைச் சில நாள் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்குவித்தல் மூன்றாவது. இவற்றிலும் பெரிது, முறையிடும்போது உண்மை பேசுதல். விழுந்ததை மறைத்து, 'தானாகவே முறிந்தது' என்பவர், செய்தவனை ஏமாற்றுவதோடு நில்லாமல் அவனுடைய அறிவையும் கெடுக்கிறார். இல்லாத குற்றத்தைத் தேடி அவன் அலைவான். இருக்கும் குற்றம் மறைந்தே கிடக்கும். மேலும், பொய் முறையீடு பல கண்டவன் மெய் முறையீட்டையும் நம்பான். அதனால் வருந்துபவர் அடுத்து வரும் நேர்மையாளரே.

குறைந்த விலையையே நாடும் நம் வழக்கத்தையும் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறிந்ததைத் திரும்பப் பெற்று ஆராய்ந்து புதியது கொடுக்கும் செலவு, நல்ல உற்பத்தியாளனின் விலையிலே அடங்கியிருக்கிறது. பெயரும் முகவரியும் இல்லாத பொருளின் மலிவு, அந்தச் செலவை அவன் ஏற்காததால் வந்த மலிவு. அதனைப் பின்னர் வீதியிலே ஏற்பவர் நாமே.

நாளை பட்டறையோ தொழிற்சாலையோ தொடங்கவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். இயந்திரமும் இரும்பும் கடன் பட்டும் வாங்கலாம். நம்பிக்கையைக் கடனாகத் தருவார் எவரும் இலர்; அது முறையீடு ஒன்று, முறையீடு ஒன்றாகவே சேர்வது. விற்ற பொருளைக் கணக்கெழுதும் புத்தகத்துக்குப் பக்கத்திலே, திரும்பி வந்த பொருளைக் கணக்கெழுதும் புத்தகம் ஒன்றையும் முதல் நாளிலேயே திறந்து வையுங்கள். எது, எந்த மாதம் செய்தது, எங்கே முறிந்தது, ஏன், என்ன செய்தோம் என்னும் ஐந்து பத்திகள் போதும். பத்து ஆண்டு கழித்து உங்கள் தொழில் எங்கே நிற்கும் என்பதை முதற் புத்தகத்தைக் காட்டிலும் இந்த இரண்டாம் புத்தகமே சரியாகச் சொல்லும்.